பழைய பேப்பரோடு போன சாதிச் சான்றிதழ்

பொன்மலை,
புதன்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பின்.

அன்பு மச்சான் ரெங்கராஜுக்கு,

உன் மாமா பெரியண்ணன் எழுதுவது. இங்கு என்னைத் தவிர எல்லோரும் சுகம். அங்கு ஆடுமாடு உட்பட யாவரும் சுகம்தானே? போனில் பேசலாம் என்றால் உன் அக்கா மணிமேகலை பக்கத்தை விட்டு நகர மாட்டேன் என்கிறாள். அதனால்தான் உப்பிலியபுரம் வரும் காத்தமுத்துவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நம் வேணி டாக்டர் படிப்புக்கு விண்ணப்பிக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். போன வாரம், என்னோடு ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்த ஸ்ரீரங்கத்து ரங்கநாதன் வந்தார். நல்ல மனுஷர், வேணிக்குப் பிசிக்ஸ் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். ஆனால் இடஒதுக்கீடு என்றால் எங்களுக்குள் முப்பது வருஷச் சண்டை. "உம்ம பொண்ணு நன்னாப் படிக்கறவளாச்சே, சலுகை எதுக்கு ஓய்? பொதுப் பட்டியல்லயே வரட்டுமே" என்றார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "வருவா. நான் மட்டும் என்ன, என் திறமையிலதானே வேலைக்கு வந்தேன்" என்றேன். அவர் போனதும் பீரோவிலிருந்த சாதிச் சான்றிதழை எடுத்து, கண்ணாடிகூடப் போடாமல், பழைய பேப்பர் கட்டுக்குள் ஒளித்துவிட்டேன். மடிப்பெல்லாம் கிழிய இருந்தது. இந்தக் காலத்து அரசாங்கத் தாள் அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு நாளில் நல்ல புத்தி வந்து தேடினால், உன் அக்கா கட்டோடு எடைக்குப் போட்டிருக்கிறாள். கடைக்கு ஓடினேன். "அது நேத்தே அம்மா மண்டபத்துக் கடலைக்காரம்மாவுக்குப் போயிருச்சுங்க" என்றார் கடைக்கார ஹாலித். பஸ் பிடித்துப் போய், ஏழு பொட்டலம் கடலை வாங்கிப் பிரித்துப் பார்த்தேன். தாசில்தார் முத்திரை எதிலும் இல்லை.

அலுத்துப்போய்ப் படித்துறையில் உட்கார்ந்தவன், காவிரிக் காற்றில் கண்ணயர்ந்துவிட்டேன். கனவில் ஆறு முழுக்கச் சான்றிதழ்கள் மிதந்து போகின்றன. செத்துப்போன என் அப்பா இடுப்பளவு தண்ணீரில் நின்று, ஒவ்வொன்றாக எடுத்து வேட்டியில் ஒற்றுகிறார். படிக்கத் தெரியாதவர் அல்லவா, "எதுடா நம்மளது?" என்று கேட்கிறார். எனக்கும் எழுத்து தெரியவில்லை. விழித்தபோது அழுதிருந்தேன். ரங்கநாதனின் தாத்தாவே பென்ஷன் வாங்கியவர். என் அப்பா கைநாட்டு. இதை அவரிடம் சொல்ல இத்தனை வருஷமாக எனக்கு வாய் வரவில்லை.

என் வீறாப்பில் பிள்ளையின் படிப்பு போய்விடக் கூடாது, மச்சான். நாளைக்கே துறையூர் தாலுகா ஆபீஸுக்குப் போய், வேணியின் சான்றிதழுக்கு ஒரு நகல் வாங்கிவிடு.

குலசாமி உங்கள் எல்லோரையும் நோய்நொடி இல்லாமல் வைக்கட்டும். குழந்தைகளுக்கு ஏழு பொட்டலம் கடலையும் என் ஆசியும்.

இப்படிக்கு,
பெரியண்ணன்

பி.கு.: மடிக்கும்போது வேணி வாங்கிப் படித்துவிட்டாள். "என்னோடது போன்லயே இருக்குப்பா, போன வாரமே ஏத்திட்டேன். பீரோவுல இருந்தது உங்களோடது" என்றாள். அது என் அப்பா துறையூருக்குப் பதினோரு நடை நடந்து வாங்கிய தாள். அதைக் காட்டித்தான் எனக்கு ரயில்வே வேலை கிடைத்தது. ஆகவே வேணிக்கு ஒன்றும் வேண்டாம். எனக்கு ஒரு நகல் கேட்டுப் பார். ரிட்டயர் ஆனவருக்கு எதற்கு என்பார்கள். ரங்கநாதனிடம் காட்ட வேண்டுமாம் என்று சொல்.