ஆளுக்குப் பாதி வேகத்தடை

செம்மண்டலம், கடலூர்.
வெள்ளிக்கிழமை

சிதம்பரத்தில் இருக்கும் அன்பு மச்சான் பூவராகனுக்கு, மாமா உத்திராபதி எழுதுவது. இங்கு நான் நலம். உன் அக்கா கொளஞ்சியம்மாள் வலது மணிக்கட்டைத் தவிர மற்றபடி நலம். உன் வீட்டில் எல்லோரையும் தில்லைக் காளியம்மன் காப்பாற்றட்டும். "எங்க அக்கா கைய ஒடிச்சிக்கிற வரைக்கும் நீங்க என்னா பண்ணிக்கிட்டிருந்தீங்க?" என்று போனில் கேட்டாய். போனில் பதில் சொன்னால் தெருவின் இரண்டு வரிசைக்கும் கேட்டுவிடும். அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் தெருவில் கிழக்கு வரிசைக்கு ஒரு கட்சிக் கொடி, மேற்கு வரிசைக்கு வேறு கொடி. குடியிருப்போர் சங்கமும் வரிசைக்கு ஒன்று. ஆடி மாதம் கூழ் ஊற்றுவதுகூட இரண்டு அண்டாவில்தான். நான் பெண்ணாடத்தில் முப்பத்தொரு வருடம் ஆலைக் கரும்பை எடை போட்டு ஓய்வு பெற்றவன், ஆகவே இரண்டு அண்டாவிலும் ஒரே அளவு குடித்துவிடுவேன். உன் அக்கா தினமும் காலையில் எதிர்ப்பக்கம் பால் வாங்கப் போவாள். அங்கன்வாடிப் பிள்ளைகளும் அதே இடத்தில்தான் ரோட்டைக் கடக்கும். போன மாதம் ஒருவன் பைக்கில் பறந்து வர, ஒதுங்கப் போய் விழுந்தாள். கட்டுப் போடும்போது, "இதுவே ஒரு கொழந்தையா இருந்தா?" என்று கேட்டாள் பார், அதிலிருந்து எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

வேகத்தடை வேண்டும் என்று மனு எழுதிக்கொண்டு கிளம்பினேன். நீ நம்பமாட்டாய், இரண்டு வரிசையும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டது. யார் வீட்டு வாசலில் போடுவது என்று கேட்டதும்தான் வினை. ஒருவர் சத்தத்தில் தூக்கம் வராது என்றார், இன்னொருவர் வாசலில் மேடு இருந்தால் வாஸ்து ஆகாது என்றார். நானும் யோக்கியனில்லை, நம் வாசல் அதிர்ந்தால் முதுகுவலிக்கு ஆகாது என்று சொல்லிவைத்தேன். கடைசியில் கிழக்கு வரிசைத் தலைவர் செந்தமிழ்செல்வன், "எங்க பாதி ரோட்டுல நாங்க போட்டுக்குறோம், அவுங்க பாதி அவுங்க பாடு" என்று தாரும் ஜல்லியும் கொண்டுவந்து ரோட்டின் நடுவரைக்கும் மட்டும் மேடு போட்டுவிட்டார். வண்டிக்காரர்கள் என்ன மடையர்களா? எல்லோரும் மேற்குப் பாதியில் புகுந்து முன்னைவிட ஜாஸ்தி வேகத்தில் போனார்கள். மேற்கு வரிசைத் தலைவர் கார்த்திகேசனின் வாசலில் இரண்டு பூந்தொட்டி காலி. அவரும் தன் பாதிக்கு மேடு போட்டார். பக்கத்தில் ஒட்டிப் போட்டிருந்தால் ஒரு முழு வேகத்தடை ஆகியிருக்கும். "அவுங்க மேட்டோட எங்க மேடு ஒட்டணுமா?" என்று பதினைந்து அடி தள்ளிப் போட்டார்.

இப்போது வருகிறவன் எல்லாம் இந்தப் பக்கம் ஒடித்து, அந்தப் பக்கம் ஒடித்து, நடுவில் எதிரே வருகிறவனுக்கு வழிவிட்டு, காலை ஊன்றித்தான் போகிறான். மணல் லாரிகூட ஊர்கிறது. அங்கன்வாடிப் பிள்ளைகள் கைகோத்துக்கொண்டு சாவகாசமாகக் கடக்கின்றன. அதைப் பார்க்கையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது, மச்சான். போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "எந்த என்ஜினியர் சார் பிளான் போட்டது?" என்று கேட்டார். தலைவர்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டதால் நான்தான் தலையாட்டினேன்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. பொதுநலத்துக்கு இவ்வளவு செய்த இரண்டு வரிசையும் ஒருவரோடொருவர் பேசாமல் இருக்கலாமா? ஞாயிறு மாலை நம் மொட்டைமாடியில் இரண்டு வரிசைக்கும் சேர்த்து டீயும் போண்டாவும் ஏற்பாடு செய்திருக்கிறேன். உன் அக்கா, "நல்லா இருக்கறத ஏன் நோண்டுறீங்க?" என்கிறாள். பாவம், கைவலியில் ஊர் ஒற்றுமையைப் பற்றி யோசிக்கும் நிலையில் அவள் இல்லை. நீயோ எங்கள் கல்யாணப் பந்தியில் யாருக்கு எத்தனை வடை என்று கிளப்பிவிட்டு, இரண்டு சம்பந்திகளையும் மூன்று வருடம் பேசவிடாமல் செய்தவன். ஆகவே தயவுசெய்து இந்த ஞாயிறு மட்டும் இந்தப் பக்கம் வராதே.

பிள்ளைகள் ஹரிஷும் வித்யாவும் நன்றாகப் படித்து, நாலு பேருக்கு உபயோகமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மாமா
உத்திராபதி

பி.கு.: இன்று திங்கள். தபால்தலை வாங்க மறந்ததில் கடிதம் மேசையிலேயே கிடந்துவிட்டது. டீ விருந்து அமோகம். செந்தமிழ்செல்வன் கார்த்திகேசனுக்குப் போண்டா ஊட்டிவிட்டார். இரண்டு சங்கமும் ஒன்றாகிவிட்டன. "சண்டைய ஞாபகப்படுத்துற மேடு இனிமே எதுக்கு?" என்பதுதான் முதல் தீர்மானம். எல்லோரும் கடப்பாரையோடு இறங்கி, ஒரே மணி நேரத்தில் இரண்டையும் பெயர்த்துவிட்டார்கள். அப்படியோர் ஒற்றுமையை என் ஆயுளில் பார்த்ததில்லை. "சேர்ந்து ஒரே மேடா போடலாமே" என்றேன். "தாராளமா. யார் வாசல்ல?" என்று அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். எனக்கு முதுகுவலி வந்துவிட்டது. இன்று காலை பால் வாங்க ரோட்டைக் கடக்க எனக்கு இருபது நிமிடம் ஆயிற்று. அங்கன்வாடி டீச்சர் பிள்ளைகளைச் சேலையோடு அணைத்துக்கொண்டு ஓரமாகவே நின்றிருந்தார். உன் அக்கா, "தம்பிய ஒடனே வரச் சொல்லுங்க" என்கிறாள். வரும் ஞாயிறு ஒற்றுமை விருந்து, முழுச் சாப்பாடு. இரண்டு தலைவர்களுக்கும் நடுவில் உனக்கு இலை போடச் சொல்லிவிட்டேன். வடை உண்டு.