காணாமல் போன அறுபது பிள்ளைகள்

குறை காண்பது சாமானியக் காரியமல்ல. சும்மா காண்பவனுக்கு ஊரில் அடி விழும். கேள்வித்தாள் வைத்துக் காண்பவனுக்கு மாலை விழும். தூத்துக்குடி டாக்டர் ஜெரால்டு இரண்டாம் வகை. குழந்தைகளுக்கான ஃப்ளூ காய்ச்சல் தடுப்பூசி ஆய்வுகளை எடைபோடும் 'தர மதிப்பீட்டுக் குழு'வின் தலைவர். இரண்டு வருடத்தில் முப்பத்தொன்பது ஆய்வுகளைப் படித்து, முப்பத்தொன்பதையும் தள்ளியிருந்தார். அப்பேர்ப்பட்ட கண்!

நாற்பதாவது ஆய்வு சொந்த ஊருடையது. நர்ஸ் ஜெபசுதா முந்நூறு வீடு ஏறி இறங்கிச் செய்தது. இது தேறினால் மழைக்கு முன் கடற்கரைப் பால்வாடிப் பிள்ளைகளுக்கு இலவசமாக ஊசி. தேறாவிட்டால் போன வருடம் போலவே காய்ச்சல் பிள்ளைகளுக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய். டாக்டருக்கும் தேற்றிவிடத்தான் ஆசை. ஆனால் ஆசைக்குக் கேள்வித்தாளில் கட்டம் இல்லையே!

கூட்டத்தில் கம்பீரமாக வாசித்தார்: "காணாமல் போனவர்கள், அறுபது."

மீனவர் பிரதிநிதியாக வந்திருந்த பவுல் எழுந்து சிலுவை போட்டுக்கொண்டார். "எந்த போட்டுல போனாவ, டாக்டரய்யா? தேடிப் போயிருக்காவளா?"

இந்தக் கரையில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். டாக்டர் பொறுமையாக விளக்கினார்: கடலில் அல்ல, கணக்கில் காணவில்லை. ஊசி போட்டபின் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததா என்று வீட்டார் குறித்துத் தரவேண்டிய நோட்டு, அறுபது வீட்டிலிருந்து வரவில்லை. பிறகு பெற்றோரின் பொறுப்பின்மை பற்றிக் கால்மணி நேரம் பேசினார். அழகாகப் பேசினார், அதைச் சொல்லத்தான் வேண்டும். கடற்கரை ஜனங்களுக்கு நோட்டின் அருமை தெரியாது என்று முடித்தார். பவுல் தலைகுனிந்தார்.

ஓரத்தில் நின்ற ஜெபசுதா மெல்லச் சொன்னாள்: "கடக்கரையில ஒரு நோட்டு பாக்கியில்ல சார். கடலுக்குப் போற அன்னைக்குக்கூட எழுதி வச்சிட்டுப் போயிருக்காவ. வராதது பூரா மில்லர்புரம்."

மில்லர்புரத்தில்தான் டாக்டரும் குடியிருந்தார்.

"அங்க எல்லாரும் படிச்சவங்களாச்சே. போய்க் கேக்கலியா?"

"ஒங்க வீட்டுக்கே ஏழு தடவ வந்தேன் சார், ஒங்க மவ ஸ்டெபி நோட்டுக்கு. நீங்க மீட்டிங்ல இருக்கியன்னு சொல்லிட்டாவ."

டாக்டருக்குக் காது சுட்டது. வெட்கமாகத்தான் இருந்தது, பாவம். ஆனாலும் கொள்கை என்று ஒன்று இருக்கிறதே! நோட்டு இல்லாத ஆய்வை எப்படித் தேற்றுவது? பால்வாடிக்கு ஊசி கிடையாது என்று முடிவாயிற்று.

காரணம் எழுதும் இடத்தில், 'பொறுப்பற்ற பெற்றோர்' என்று திருத்தமாக எழுதினார். அதற்குக் கீழே, விதிப்படி, தம் முழுப்பெயரை எழுதிக் கையெழுத்தும் போட்டார்.