சவுண்டு அண்ணன் வீட்டில் பேசிய மாப்பிள்ளை

திருக்கோகர்ணத்தில் எங்கள் தெருவில் எந்த வீட்டு டிவியும் பத்து நிமிடத்துக்கு மேல் ஊமையாக இருந்ததாகச் சரித்திரமே கிடையாது. சவுண்டு அண்ணன் விட்டால்தானே!

அடுத்த வீட்டுக்காரர். மைக் செட் வாடகைக்கு விடுபவர். சொந்தப் பெயர் என்னவென்று அவருடைய ரேஷன் கார்டைத்தான் கேட்க வேண்டும். கல்யாணம், காதுகுத்து என்று சத்தத்திலேயே வாழ்ந்த மனிதர். எங்காவது படம் ஓடிச் சத்தம் வராவிட்டால் அவருக்கு உடம்பு தாங்காது, சாப்பிட்ட கையோடு வந்து நிற்பார். நிற்பார் என்பதும் தப்பு, நடப்பார். காபியைக்கூட நடந்துகொண்டேதான் குடிப்பார். அப்படியே எங்கள் வீட்டு டம்ளர் மூன்று நடந்து போயிருக்கின்றன.

வைத்தியத்துக்கு முன்னால் விசாரணை உண்டு. கடைசியாக யார் தொட்டது என்பார். எந்த வீட்டிலும் யாரும் தொட்டிருக்கமாட்டார்கள். "யாரும் தொடாம தானா வாயடைச்சுக்கிருச்சாக்கும்" என்று எல்லாரையும் எழுந்திருக்கச் சொல்வார். யாராவது ஒருவருக்கு அடியில் ரிமோட் இருக்கும். பழைய டிவி ஊமையாகிவிட்டதென்று எதிர்வீட்டு அக்கா புது டிவி வாங்க ஆட்டோவில் ஏறிய பிறகு, இந்த மனிதர் போய் இறக்கிக் கூட்டிவந்தார். என் அப்பாவின் போன் பேசாமல் போனபோது, ஸ்பீக்கர் ஓட்டையிலிருந்து கோயில் திருநீற்றைக் குச்சியால் நோண்டி எடுத்து, "பக்தி அடைச்சிருக்குங்க" என்றார்.

அவரிடம் ஒரு கெட்ட பழக்கம். எந்தப் பொருளையும் முதலில் தன் வீட்டு மைக் செட்டோடு புளூடூத்தில் சேர்த்துவிடுவார். அவர் பெட்டியில் சத்தம் வந்தால் நம் பொருள் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமாம். சேர்ப்பார், பிரிக்க மறந்துவிடுவார். அதற்குள் அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டுமே! என் லேப்டாப்பும் ஒரு நாள் அப்படித்தான் அந்தப் பெட்டிக்குச் சொந்தமானது.

அடுத்த வெள்ளிக்கிழமை என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை துபாயில் இருந்தார். அதனால் கீரமங்கலத்திலிருந்து அவருடைய அம்மா நேரிலும், அவர் என் லேப்டாப்பிலும் வந்தார்கள். ஆலங்குடிப் பள்ளியில் நான் டீச்சர். எனக்கு இருந்தது ஒரே கவலை, வேலையை விடச் சொல்லிவிடுவார்களோ என்று. அந்த அம்மா உட்கார்ந்ததுமே, தங்கள் வீட்டு மருமகள் வேலைக்குப் போக வேண்டிய அவசியமில்லை என்று சொல்லிவிட்டார். பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் முடிவு சொல்ல வேண்டுமென்று அப்பா கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு மாப்பிள்ளையிடமே கேட்டேன். "கல்யாணத்துக்கு அப்புறம் நான் வேலையை விட்டுறணுமாங்க?"

அவர் பேசினார். வாய் அசைந்தது, கை அசைந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. வால்யூம் முழுசாகத்தான் இருந்தது. அப்பா லேப்டாப்பின் முதுகில் தட்டிப் பார்த்தார். அந்த அம்மா மகனின் வாயையே பார்த்துவிட்டு, "விட்டுறச் சொல்றான். எம் புள்ளை வாயசைப்பு எனக்குத் தெரியாதா" என்றார். அதைக் கேட்ட மாப்பிள்ளை எழுந்தே நின்று இரண்டு கையையும் ஆட்டினார். மகனுக்குக் கோபம் வந்துவிட்டது என்று அதற்கும் அந்த அம்மாவே விளக்கம் சொன்னார். என் வேலை போயே போச்சு என்று எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

அப்போதுதான் சவுண்டு அண்ணன் மூச்சு வாங்க உள்ளே வந்தார்.

"ஏத்தா, ஒங்க மாப்பிள்ளை எங்க வீட்டுல கத்திக்கிட்டு இருக்காரு."

காலையில் யாருடைய போனையோ சோதிக்க மைக் செட்டைப் போட்டிருக்கிறார். என் லேப்டாப் பழைய சொந்தத்தில் போய் ஒட்டிக்கொண்டது. என்ன சொன்னார் என்று கேட்டேன். வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டே ஒப்பித்தார்.

"அந்தப் புள்ளை வேலையை விடவே கூடாதாம். டீச்சர் பொண்ணுதான் வேணும்னு அவராத்தான் கேட்டாராம். அம்மா சொல்றதை நம்பாதீங்கன்னு நாலு தடவை சொல்லிட்டாரு. டீக்கடையில அம்புட்டுப் பேரும் டம்ளரைக் கீழ வச்சுட்டுக் கேட்டுக்கிட்டு நிக்கிறாங்க."

எதிர்வீட்டு அக்காவும் வாசலில் வந்து நின்று, தானும் கேட்டதாகச் சொன்னார். மாப்பிள்ளையின் அம்மா காபியை ஒரு வாய் குடித்தார். பிறகு, "தெருவே கேட்டதுக்கு அப்புறம் நான் என்னத்தச் சொல்ல" என்றார்.

அண்ணன் எதையோ அழுத்தினார். "இப்பவாச்சும் கேக்குதாங்க?" என்று லேப்டாப் பாவமாகக் கேட்டது. கேட்கிறது என்றேன். ராகு காலத்துக்கு இன்னும் நாலு நிமிடம் இருந்தது. அண்ணன் காபி டம்ளரோடு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். அது நான்காவது டம்ளர்.

இன்றும் ஆலங்குடி பஸ்ஸில்தான் வேலைக்குப் போய்வருகிறேன். லீவில் வரும்போதெல்லாம் என் வீட்டுக்காரர், லேப்டாப்பிலிருந்து அந்த மைக் செட் பெயரை எடுத்துவிடச் சொல்கிறார். நான் அம்மா வீட்டுக்குப் போய் அதைத் திறந்தால் என் ஆறாம் வகுப்புப் பாட வீடியோ தெரு முழுக்கக் கேட்கிறதாம். கேட்கட்டும். எனக்காக ஒரு நாள் வாய் திறந்த பெட்டி அது. அழிக்க எனக்கு மனசு வரவில்லை.