பையர் கவ்விய தாம்பாளம்

நடைமுறை தெரியாதவனால் ஒரு வேலை கெடும். நடைமுறை முழுக்கத் தெரிந்தவனால் ஒரு குடும்பமே கெடும். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற நான் இரண்டாவது வகை.

ஓய்வுக்குப் பிறகு எனக்குக் கீழே வேலை செய்ய ஒரு தெருநாய் மட்டுமே முன்வந்தது. கறியைத் தவிர எதைக் கொடுத்தாலும் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஷூ வாங்க வரும் வெளிநாட்டு பையரும் அப்படித்தான் செய்வார் என்பதால், அதற்குப் ‘பையர்’ என்றே பெயர் வைத்தேன்.

என் மகள் கீதா அதற்கு ஒரு பிளாஸ்டிக் வட்டு வாங்கித் தந்தாள். வீசினால் பறக்கும், நாய் பாய்ந்து கவ்விக் கொண்டுவர வேண்டும். மற்றவர்கள் என்றால் வீசிப் பார்ப்பார்கள். நான் நாய்ப் பயிற்சி நூல் ஒன்றை அடிக்கோடிட்டுப் படித்து, பதினோரு படிகள் கொண்ட அட்டவணை தயாரித்து ஃபிரிட்ஜில் ஒட்டினேன். (பையரின் பார்வைக்கு ஒரு பிரதி, அதன் உயரத்தில்.)

முதல் படி: வட்டின் மேல் பிரியம் வர, சாப்பாட்டை அதிலேயே வை. வைத்தேன், இரண்டு மாதம் அதில்தான் கறிச்சோறு. நான்காம் படி: கவ்விக் கொண்டுவந்தால் மூன்று நொடிக்குள் பரிசு கொடு.

வீசும் பயிற்சி பாலாற்று மணலில். ஆற்றில் தண்ணீர் இருந்தால் இடைஞ்சல். நம் பாலாறு அப்படி யாருக்கும் இடைஞ்சல் கொடுப்பதில்லை. பறக்கும் வட்டில் சோறு இல்லை என்பதைக் கண்டுகொண்ட பையர் நகரவே இல்லை. நான் வீசுவேன், நானே ஓடி எடுத்து வருவேன். ஆடு மேய்க்கும் அம்மா ஒருத்தி ஒரு வாரம் பொறுமையாகப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

“இன்னா சார், நாய் உன்ன நல்லா பழக்கி வச்சிருக்குதே. எத்தினி மாசமாச்சு?”

இந்த நிலையில்தான் கீதாவுக்கு நிச்சயதார்த்தம். ராணிப்பேட்டை மாப்பிள்ளை. மூன்று வருடம் இரண்டு வீட்டையும் கெஞ்சி அவளே சம்மதம் வாங்கிய சம்பந்தம்.

“அப்பா, அன்னிக்கு ஒரு நாள் அத கட்டி வச்சிடு.”

“ஒன்பதாம் படியே கூட்டத்துல பழக்கறதுதாம்மா. இத விட்டா கூட்டத்துக்கு நான் எங்க போவேன்?”

“உன்கூட ஒரே பேஜாருப்பா.”

நிச்சயதார்த்தத்தன்று, தேங்காய், பழம், வெற்றிலை, புடவை அடுக்கிய பித்தளைத் தாம்பாளத்தை மாப்பிள்ளையின் அப்பா என்னிடம் நீட்டினார். வட்டமான ஒன்று, நிறையச் சாமான்களோடு, காற்றில் வருவதைப் பையர் பார்த்தது. பாலாற்றில் ஒரு அடி நகராத நாய் சோபாவைத் தாண்டிப் பறந்தது. விளிம்பைக் கவ்வியது. தேங்காய் மாப்பிள்ளையின் அத்தை காலில் விழுந்தது. காலித் தாம்பாளத்தைப் பையர் தரதரவென்று இழுத்துவந்து, என் காலடியில் போட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தது. ஒரு குறை சொல்ல முடியாத வேலை.

நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். “சபாஷ்டா!” என்று கூவி, பட்டு ஜிப்பாப் பையிலிருந்து வறுத்த கறித்துண்டை எடுத்து ஊட்டினேன். (இரண்டரை நொடி.)

“தட்டு மாத்தற எடத்துல கறியா? இன்னா சகுனம் இது?” அத்தை காலைத் தேய்த்தபடி எழுந்தார். “கெளம்புங்க எல்லாரும்.”

கீதா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நூலில் விளக்கம் இல்லை. அப்போதாவது வாயை மூடியிருக்கலாம்.

“மூணு நொடிக்குள்ள குடுக்கலன்னா பழகாதுங்க,” என்று அத்தைக்கு விளக்கினேன்.

மாப்பிள்ளையின் அப்பா பையரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நீ உக்காரு,” என்றார் தங்கையிடம். (பையர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது.) “நான் தட்டு குடுத்தேன், பொண்ணு வீட்ல இவரு வாங்கிட்டாரு. இவருதான் எனக்கு சம்பந்தி.”

சொல்லிவிட்டுக் குனிந்து பையரின் முன்னங்காலைப் பிடித்துக் குலுக்கினார். முதலில் சிரித்தவர் அத்தைதான். கீதா சிரித்துக்கொண்டே அழுதாள்.

மறுபடி தட்டு மாற்றியபோது பெண் வீட்டின் சார்பில் என் மைத்துனர் வாங்கினார். பையரையும் என்னையும் கொல்லைப்புறம் அனுப்பிவிட்டு, என் மனைவி கதவைத் தாழிட்டிருந்தாள்.

கல்யாணம் நல்லபடி முடிந்தது. இன்றும் ஞாயிறுதோறும் ராணிப்பேட்டையிலிருந்து போன் வரும்.

“சம்பந்தி சாப்ட்டாரா?”

“இப்பதான் சாப்ட்டேன் சார்,” என்று ஆரம்பத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“உங்கள கேக்கல சார்.”

இப்போது பழகிவிட்டது. அந்த வீட்டைப் பொறுத்தவரை, நான் சம்பந்தியை வளர்ப்பவன்.