செபமாலையின் பின்பாதி

மாதா துணை

ஆவூர்,
தவக்காலத்து வெள்ளி

அன்பு மகன் ஜெரோமுக்கு அப்பா ஆசீரோடு எழுதுவது. இங்கே நானும், உன் அம்மா விட்டுப்போன கோழிகளும் சுகம். துபாயில் உன் சுகத்துக்கு மாதாவை மன்றாடுகிறேன்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்பாய். போனில் "அப்பறம் பேசுறேம்ப்பா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

அம்மா போனபின் செபமாலையில் ஒவ்வொரு மந்திரத்துக்கும் முன்பாதி சொல்ல நான் இருக்கிறேன், பின்பாதி சொல்லத்தான் ஆளில்லை என்றேன் அல்லவா, அதற்கு நீ பின்பாதியை உன் குரலில் பதிவு செய்து அனுப்பினாயே, அது அருமையாக ஓடுகிறது. ஒரே குறை, அது எனக்காக நிற்பதில்லை. நான் இருமினால் நீ முந்திப் போய்விடுகிறாய். செபமாலையின் நடுவே, மூன்றாம் தேவரகசியத்தில், திடீரென்று "டேய், சோத்த எறக்குடா, கொழையுது" என்று யாரையோ அதட்டுகிறாய். முதல் நாள் அதைக் கேட்டுப் பக்கத்து வீட்டு மூக்காயி ஓடிவந்து, பாதி வெந்த என் கஞ்சி அடுப்பை அணைத்துவிட்டாள். "தம்பி வந்துருக்கா வாத்தியாரய்யா? எங்கிட்டு இருக்கு?" என்று வீடெல்லாம் தேடினாள். போனைக் காட்டினேன். "அடியாத்தி, இதுக்குள்ளயா!" என்று உட்கார்ந்துவிட்டாள். மாரியம்மனைக் கும்பிடுகிறவள், தினம் கேட்டுக் கேட்டு இப்போது பின்பாதி உன்னைவிட அவளுக்கு நன்றாக வருகிறது. பதிவு செய்த குரல் செபத்தில் சேருமா என்று பங்குச் சாமியாரிடம் கேட்டேன். "ஆண்டவருக்குப் போதுங்க. ஒங்களுக்குத்தான் பத்தல போலருக்கு" என்றார். இந்தக் காலத்துச் சாமியார்களுக்கு என்ன தெரியும்? எனக்கும் போதும்.

போதும்தான். ஆனால் ஆமென் சொன்னதும் போன் வெளிச்சம் அணைந்துவிடுகிறது. அப்போது உன்னைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.

ஆகவே ஈஸ்டருக்கு நீ வரவேண்டாம். டிக்கெட் விலை ஏறிக்கிடக்கிறது. மேனேஜரிடம் லீவுக்குக் கெஞ்சவும் வேண்டாம். வேளைக்குச் சாப்பிடு, ஞாயிறு பூசையை விடாதே. மாதா உன்னைக் கைவிடமாட்டாள்.

அன்பு அப்பா,
சின்னப்பன்

பின்குறிப்பு: ஈஸ்டருக்கு ஊரில் போடும் நம் பாஸ்கா நாடகத்துக்கு உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். சாமியார் பூசையிலேயே அறிவித்தும் விட்டார், இனி மாற்ற முடியாது. ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று தடவை மறுதலித்துவிட்டு அழுகிற இராயப்பர் வேஷம். கிறிஸ்துமஸுக்கு லீவு இல்லை, பொங்கலுக்கு லீவு இல்லை, அம்மாவின் நினைவுப் பூசைக்கும் லீவு இல்லை என்று மூன்று தடவையும் மறுதலித்தாகிவிட்டது. அழக்கூட வேண்டாம், வந்தால் போதும்.