உப்புக் கரித்த ஏலக்காய்

“புஸ்தகம் சொமந்தவளுக்கு மூட்ட சொமக்கத் தெரியுமாடி?” என்று என் அத்தை ஒருமுறை கேட்டாள். தெரியாதுதான். அதை நிரூபிக்க நான் தூத்துக்குடி வரை போக வேண்டியிருந்தது.

அப்போது பள்ளி இறுதித் தேர்வில் தேறி, ஆசிரியைப் பயிற்சிக்கு மனுப் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். (வீட்டு அண்டாவில்கூடப் போட்டு வைத்திருந்தேன்.) போடிமெட்டுத் தோட்டத்தில் ஏலக்காய் பறிக்கும் என் ஆத்தா, எனக்கு இடம் கிடைக்க வேண்டுமென்று தூத்துக்குடி மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள். தோட்டக் கங்காணியைக் கேட்டு, உதிர்ந்த காயைப் பொறுக்கிச் சேர்த்து, தொழிலாளர் லயத்து வீடுகளெல்லாம் ஆளுக்கொரு கைப்பிடி ஏலக்காய் கொடுத்தன. எங்களைப் போல மாதாவைக் கும்பிடும் வேதக்காரர்கள் மட்டுமல்ல, பக்கத்து வீட்டு மாரியம்மாளும் கொடுத்தாள்.

திருவிழாவுக்குப் போடியிலிருந்து தனி பஸ். சேவல் கூவுமுன் கிளம்பினோம். மூட்டை என் மடியில். ஒவ்வொரு ஊர் வரும்போதும் அத்தை திரும்பி, “இருக்கா?” என்பாள்.

கடலைப் பார்த்ததும் பஸ்சே வாயடைத்துப் போனது, என்னைத் தவிர. கோயிலுக்குள் போகுமுன் கால் நனைக்க இறங்கினோம். மூட்டையை மணலில் வைத்தேன்.

“தண்ணிக்கிட்ட வைக்காதடி,” என்றாள் ஆத்தா.

“அமாவாச, பௌர்ணமிக்குத்தான் கடல் ஏறும். இன்னைக்கு ரெண்டும் இல்ல. பூகோளத்துல இருக்கு.” பெருவிரலால் மணலில் ஒரு கோடு கிழித்தேன். “இதத் தாண்டாது.”

பிறகு கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, சந்திரன் தண்ணீரை எப்படி இழுக்கிறது என்று எல்லோருக்கும் விளக்கினேன். அத்தை என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

“ஏய், ஒன் கோடு போகுதுடி!”

கோட்டோடு மூட்டையும் போனது. தாவணியோடு பாய்ந்து இழுத்து வந்தேன். மூட்டையும் நானும் சொட்டச் சொட்ட நின்றோம்.

ஆத்தா திட்டவில்லை. “ஒனக்கு எடம் கெடைக்கணும்னு கொண்டாந்தது,” என்றாள், அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

ஈர ஏலக்காயைக் கண்டால் போடிக்காரர்களுக்குக் கை சும்மா இருக்காது. “வெரசா விரிங்கடி, பூசணம் பூத்துரும்!” என்று கோயில் முற்றத்திலேயே அத்தை தன் மாற்றுச் சேலையை விரித்துக் காயவைத்தாள். காவலுக்கு நான். ஒரு நிமிடம் கண்ணை மூடி ஜெபித்தேன். (மன்னிப்புக் கேட்க நிறைய இருந்ததால் நிமிடம் கொஞ்சம் நீண்டுவிட்டது.)

கண்ணைத் திறந்தால் வரிசை! மாதாவுக்கு வைத்த உப்பையும் மிளகையும் எடுத்து வாயில் போட்டுக்கொள்வது நம் கோயில்களில் வழக்கமல்லவா? இதுவும் அப்படித்தான் என்று, சிலுவை போட்டுக்கொண்டு ஆளுக்கு ரெண்டு காய் எடுத்துப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் சேலையில் அச்சடித்த பூ மட்டும்தான் மிச்சம்.

ஆத்தாவும் அத்தையும் திரும்பி வரவும், ஒரு மீன்காரம்மா மென்றபடியே கேட்டாள்: “ஏலக்காய் ஏன் இப்படி உப்புக் கரிக்கி?”

என் மானம் அந்த நொடியில் அத்தையின் நாக்கில் தொங்கியது. அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

“எங்க மலையில வெளையுறதே இப்பிடித்தான் தாயி.”

மாதா கோயில் முற்றத்தில், எனக்காக, முழுப் பொய்! உடனே ஒரு சிலுவையும் போட்டுக்கொண்டாள். ஆத்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “மாதாவுக்குக் கொண்டாந்தோம். இத்தன வாயால வாங்கிக்கிட்டா, விடு,” என்றாள்.

அடுத்த மாதமே பயிற்சிக்கு இடம் கிடைத்துக் கடிதம் வந்தது. அதற்குக் காரணம் என் மதிப்பெண் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். இப்போது அந்தக் கைப்பிடிகளையும், அந்தப் பொய்யையும் சேர்த்தே நினைக்கிறேன். வீட்டுக்கு யார் வந்தாலும் அத்தை இன்றும் கேட்பாள்: “டீக்கு சாதாக் காயா, டீச்சரம்மா காயா?”

ஆம், குரங்கணிப் பள்ளிக்கூடத்தில் இன்று நான் ஆசிரியை. இந்த வருடமும் பஸ் கிளம்புகிறது. மூட்டையை என்னிடம் மட்டும் கொடுக்கக் கூடாது என்று அத்தை லயம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். நான் முந்திக்கொண்டேன். இறுக்கமான மூடி போட்ட தகர டின் வாங்கி, வீடு வீடாகப் போய்க் காயை வாங்கி நிரப்பி, மூடியில் கையெழுத்தும் போட்டு, பஸ்சிலும் ஏறிவிட்டேன். அதன்மேல் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். பக்கத்தில் அத்தைக்கு ஜன்னலோர இடம் பிடித்து வைத்திருக்கிறேன்.