புள்ளி வைத்த மாப்பிள்ளை

"எல்.எஸ். அடிச்சு, ஒரு இடம் விட்டு, சின்னக் கோடு, ஒட்டினாப்ல ஏ. மறைச்சு வச்ச ஃபோல்டரெல்லாம் வரிசையா வந்துடும் சார்" என்றார் போனில் கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர். "யாருக்குக் கேக்கறீங்க?"

"ஒரு தெரிஞ்சவருக்கு" என்றார் பெரியவர், விறைப்பாக.

பள்ளி ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவர். மனைவி போனபிறகு குடும்ப மானத்தை ஒற்றை ஆளாகக் கட்டிக் காப்பவர். அவருடைய மகள், வருகிற வரனையெல்லாம் "உங்களத் தனியா விட்டுட்டுப் போகமாட்டேம்ப்பா" என்று தட்டிக்கழிக்கிறாள். அவர் தலையைக் கண்டால் மடிக்கணினியைப் பட்டென்று மூடுகிறாள். சும்மா இருக்க முடியுமா? இன்று அவள் வேலைக்குப் போனதும் அதன்முன் உட்கார்ந்துவிட்டார்.

கறுப்புத் திரையில் அடித்தார். ஒரு புள்ளி வந்தது. அதன் கீழே இரண்டு புள்ளி. அதற்கும் கீழே, முன்னால் ஒரு புள்ளியோடு, '.மாப்பிள்ளை'.

தனக்குத் தெரியாமல் ஒரு மாப்பிள்ளையா! ரத்தம் தலைக்கேறியது. மேலே நின்ற புள்ளிகள் உடந்தை என்று தீர்மானித்து, இரட்டைப் புள்ளிக்குள் நுழைந்தார். மாப்பிள்ளையைக் காணோம். அங்கேயும் ஒரு இரட்டைப் புள்ளி. அதற்குள்ளும் நுழைந்தார். கண்டறியாத பெயர்களாக வந்து விழுந்தன.

"ரெட்டைப் புள்ளின்னா மேல் ஃபோல்டர் சார்" என்று போனில் சிரித்தார் ரிப்பேர்காரர். "உங்க தெரிஞ்சவரு உள்ள போறதா நெனச்சு வெளிய போய்க்கிட்டிருக்காரு. திரும்பி வந்து, பேருக்கு முன்னால இருக்கிற புள்ளிய எடுக்கச் சொல்லுங்க. தானா வெளிய தெரியும்."

ஒவ்வொரு கட்டளையாகச் சொல்லச் சொல்ல அடித்தார். தெரிந்தது. மகளின் திரையில், பூப்படத்துக்கு நட்டநடுவில், ஊரறிய 'மாப்பிள்ளை'! பதறிப்போய் மறுபடி ஒரு புள்ளி வைத்தார், பெயருக்குப் பின்னால். மாப்பிள்ளை அசையவில்லை.

"எம் பொண்ணு மத்தியானச் சாப்பாட்டுக்கு வர நேரமாச்சு! உடனே வாங்க!"

"உங்க பொண்ணா? தெரிஞ்சவர்னு சொன்னீங்க..."

"வாய்யா முதல்ல!"

அடுத்த தெருதான், மூச்சிரைக்க வந்து சேர்ந்தார் ரிப்பேர்காரர். "மறைக்கறதுக்கு முன்னாடி ஆளப் பாத்துடலாமா சார்?"

"திற. எவன்னு நானும் பாக்கறேன்."

திறந்தது. பணி ஓய்வு விழாவில், மீசைக்கு மை தீட்டி, கோட்டும் டையுமாக நின்றார் பெரியவரே. பக்கத்துப் படத்தில், புத்தக அலமாரியில் சாய்ந்து, கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பெரியவரின் கை தானாகப் போய்த் தலைமுடியைச் சரிசெய்தது. வாசலில் மகளின் செருப்புச் சத்தம்.

ரிப்பேர்காரர் திரையைப் பார்த்தார். பெரியவரைப் பார்த்தார். சட்டென்று இரண்டடி பின்வாங்கிக் கைகூப்பினார்.

"படத்துல இருக்கறது எங்க அத்தை! அவங்க சரின்னு சொல்லிட்டு பதிலுக்குக் காத்துட்டிருக்கற மாப்பிள்ளை... நீங்கதானா மாமா?"